எஸ்தரின் வேஷம்

1

புரட்டாசி பாதி கழிந்ததும் பேட்டைத் தெருக்களில் மேளச் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். தென்காசி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, வீட்டுக்கு வீடு நின்று, ஒரு கூட்டம் வரும். முன்னால் காளி. சடைமுடி, கிரீடம், தொங்கும் சிவப்பு நாக்கு, கையில் சூலம். பின்னால் ஒரு குறத்தி, ஒரு போலீஸ்காரர், ஒரு கரடி, சேலை கட்டிப் பூ வைத்துக்கொண்ட ஒரு கொத்தனார், உடம்பெல்லாம் கரி பூசிய ஒரு பைத்தியக்காரன். கடைசியில் அனுமார் வாலைத் தோளில் போட்டுக்கொண்டு தூங்கி வழியும் ஒரு பையன். காளி யார் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். போன மாதம் வரை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். ஆனாலும் அவர் தட்டை நீட்டும்போது பெண்கள் 'அம்மா' என்றுதான் கும்பிடுவார்கள். இதில் யாரும் முரண்பாடு எதையும் கண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இவர்கள் போய்ச் சேருமிடம் குலசேகரன்பட்டினம். திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலோரத்தில் உள்ள பழைய துறைமுகம். 1942 செப்டம்பரில் இங்கே உப்பு இலாகா அதிகாரி லோன் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் காசிராஜன், ராஜகோபாலன் என்ற இரண்டு இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது குறைக்கப்பட்டது. 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு இங்கே அடிக்கல் நாட்டினார்கள். ஆனால் தெற்கத்தி ஜனங்களுக்குக் குலசை என்றால் முத்தாரம்மன் கோவில்தான். ஞானமூர்த்தீஸ்வரரும் அம்மனும் அருகருகே அமர்ந்திருக்கும் கோவில். நோய் தீர வேண்டும், பிள்ளை பிறக்க வேண்டும், வேலை கிடைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்டு, விரதமிருந்து, காப்புக் கட்டி, வேஷம் கட்டுகிறார்கள். காளி வேஷத்துக்கு விரதம் நீளமானது. 41 நாள், 48 நாள் இருப்பவர்கள் உண்டு. எந்த வேஷம் என்பதைக் கனவில் அம்மனே சொல்லிவிடுகிறாள் என்பது நம்பிக்கை. வேஷம் கட்டியவர், வீட்டில் எவ்வளவு வசதி இருந்தாலும், பிச்சையெடுக்க வேண்டும். எடுத்த காசு அம்மன் உண்டியலில் விழ வேண்டும். பத்தாம் நாள் நள்ளிரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். மறுநாள் காப்புக் களைந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

1984 ஜூலையில் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வர ஆரம்பித்தது. முதல் புத்தகம் 'கத்தி முனையில் மாடஸ்டி'. எங்கள் தெருவில் அந்தப் புத்தகத்தைக் கிழியும்வரை வைத்திருந்தது பத்து வயதுப் பெண் ஒருத்தி. அவளுடைய பெரியப்பாதான் அந்த ஆண்டு தசராக் குழுவை நடத்தியவர். அவளுக்கு அதற்கு முன் வருஷம் கடுமையான காய்ச்சல் வந்து, வேஷம் கட்டுவதாக வீட்டில் நேர்ந்திருந்தார்கள். அவள் தனக்கு மாடஸ்டி வேஷம் கட்டிவிடச் சொன்னாள். கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கையில் துப்பாக்கி, அவ்வளவுதான் செலவு என்றாள். வீட்டில் சிரித்தார்கள்.

'அது சாமி இல்லட்டி' என்றார் பெரியப்பா.

'போலீஸ் மட்டும் சாமியா, பெரிப்பா?'

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தது எனக்கு நினைவிருக்கிறது. பிறகு சொன்னார்: 'போலீஸ்னா ஊருக்கே தெரியும். இவ யாருன்னு எவனுக்குத் தெரியும்? யாருக்குன்னு நெனச்சிக் காணிக்கை போடுவான்?'

இந்தப் பதில் எவ்வளவு சரியான பதில் என்பது பல வருஷங்கள் கழித்து, முற்றிலும் வேறொரு சரித்திரத்தைப் படிக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. அதை எழுதுவதற்காகவே இந்தக் கட்டுரை.

2

யூதர்களுக்குப் பூரீம் என்றொரு பண்டிகை உண்டு. அவர்களுடைய ஆதார் மாதம் 14ஆம் தேதி, பெரும்பாலும் நம் மாசியிலோ பங்குனியிலோ, வரும். அன்று குழந்தைகள் வேஷம் போடுகிறார்கள், பெரியவர்களும் போடுகிறார்கள். பழைய நாட்களில் பெண் குழந்தைகள் என்றால் பெரும்பாலும் எஸ்தர் ராணி. இன்று கடையில் விற்கும் வேஷங்களில் காமிக்ஸ் நாயகிகளும் அடக்கம். அதில் வொண்டர் வுமனுக்கு விசேஷ காரணம் ஒன்றும் சேர்ந்துகொண்டது. 2017இல் வந்த படத்தில் அந்த வேஷம் போட்டவர் கால் கடோட் என்ற இஸ்ரேலிய நடிகை. அவர் இஸ்ரேல் ராணுவத்தில் சேவை செய்தவர் என்பதால் லெபனான் அந்தப் படத்தைத் தடை செய்தது. ஒரு சிறுமி அட்டைக் கிரீடமும் நட்சத்திரப் பாவாடையும் அணிந்து தெருவில் ஓடுவதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பாவாடை இரண்டு தேசங்களில் இரண்டு அர்த்தம் கொள்கிறது. வேஷம் விளையாட்டுச் சாமான் என்று நினைத்து ஒதுக்குவதற்கில்லை.

பூரீமின் கதை திருநெல்வேலிக்காரர்களுக்கு அந்நியமானதல்ல. பாளையங்கோட்டையிலோ நாசரேத்திலோ மெஞ்ஞானபுரத்திலோ ஒரு தெருவில் நின்று 'எஸ்தர்' என்று கூப்பிட்டால் இரண்டு வீட்டிலிருந்தாவது பதில் வரும். ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820இல். அதற்குச் சுமார் நூறு வருஷம் முன்பே எஸ்தர் தமிழ் பேச ஆரம்பித்துவிட்டாள். தரங்கம்பாடியில் சீகன்பால்கு பழைய ஏற்பாட்டை ரூத் வரை மொழிபெயர்த்துவிட்டு இறந்துபோனார். அதற்குப் பிறகுள்ளதை முடித்தவர் ஷூல்ட்ஸ். 1728 வாக்கில் அந்த வேலை முடிந்தது. எஸ்தர் ஷூல்ட்ஸின் பங்கில் வருகிறவள். எழுபதுகளில் வண்ணநிலவன் 'எஸ்தர்' கதையை எழுதியபோது, பஞ்சத்தில் ஒரு குடும்பத்தின் பாரம் முழுதையும் தன்மேல் வாங்கிக்கொண்டு முடிவெடுக்கும் பெண்ணுக்கு அந்தப் பெயரை வைத்தார். பெயர்ப் பொருத்தம் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. வேதாகமத்து எஸ்தரும், மற்றவர்கள் உயிர் பிழைப்பதற்காகத் தான் ஒரு காரியத்தைச் செய்தாக வேண்டும் என்ற நிலைமையில் நிறுத்தப்பட்டவள்தான்.

கதை இது. பெர்ஷியாவின் சூசான் அரண்மனை. இந்து தேசம் முதல் எத்தியோப்பியா வரை 127 நாடுகளை ஆளும் அகாஸ்வேரு ராஜா. (புரொட்டஸ்டண்டு வேதாகமத்தில் இந்தியாவின் பெயர் வருவது இந்தப் புத்தகத்தில் மட்டுமே.) விருந்தில் தன் அழகைக் காட்ட வர மறுத்த ராணி வஸ்தி தள்ளப்படுகிறாள். அவள் இடத்துக்கு அத்சாள் என்ற அனாதை யூதப் பெண் எஸ்தர் என்ற பெயரில் வருகிறாள். தன் ஜனம் எது என்று யாருக்கும் சொல்லாதே என்று வளர்த்தவனான மொர்தெகாய் அவளுக்குக் கட்டளையிட்டிருக்கிறான். மந்திரி ஆமான் யூதர்களை அடியோடு அழிக்க நாள் குறிக்கச் சீட்டுப் போடுகிறான். அந்தச் சீட்டுக்குப் 'பூர்' என்று பெயர். அதிலிருந்துதான் பூரீம். அழைக்கப்படாமல் ராஜாவிடம் போனால் மரணம் என்ற சட்டத்தை மீறி எஸ்தர் போகிறாள். விருந்து வைக்கிறாள். இரண்டாம் விருந்தில் தான் யார் என்று சொல்கிறாள். ஆமான் மொர்தெகாய்க்காக நாட்டிய தூக்குமரத்தில் தானே தொங்குகிறான்.

இதைச் சரித்திரமாக எடுத்துக்கொள்ளச் சான்றில்லை. பெர்ஷிய ஆவணங்களில் இப்படி ஒரு ராணி கிடையாது. சாக்கடல் ஓலைச்சுருள்களில் எபிரேய வேதத்தின் மற்ற எல்லாப் புத்தகங்களிலிருந்தும் துண்டுகள் கிடைத்தன. எஸ்தரில் ஒன்றும் கிடைக்கவில்லை. இன்னொரு விசேஷம், இந்தப் புத்தகத்தின் எபிரேய மூலத்தில் கடவுளின் பெயரே வருவதில்லை. ரபிகள் இதைக் கண்டு கலங்காமல், எஸ்தர் என்ற பெயரிலேயே 'மறைந்திருத்தல்' என்ற பொருள் ஒலிப்பதை எடுத்துக்கொண்டார்கள். ராணி தன் இனத்தை மறைத்ததுபோலக் கடவுளும் தன் முகத்தை மறைத்துக்கொண்டான் என்பது அவர்கள் வியாக்கியானம். வேஷம் என்ற விஷயம் இங்கே கதையின் அலங்காரமாக இல்லை. கதை நிற்பதே அதன்மேல்தான்.

3

ஆனால் பூரீமுக்கு வேஷம் போடும் வழக்கம் வேதத்தில் இல்லை. அங்கே சொல்லப்பட்டவை விருந்து, ஒருவருக்கொருவர் பண்டம் அனுப்புதல், ஏழைகளுக்குத் தானம். தால்மூதில் ஒரு போதகர் இன்னொன்று சேர்க்கிறார்: ஆமானைச் சபிப்பதற்கும் மொர்தெகாயை வாழ்த்துவதற்கும் வித்தியாசம் தெரியாமல் போகும்வரை அன்று குடிக்க வேண்டும். வேஷம் பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில், இத்தாலியில், கார்னிவல் கொண்டாடும் கிறிஸ்தவ அண்டை வீட்டார் மத்தியில் வாழ்ந்த யூதர்களிடையே தோன்றியதாகக் கருதப்படுகிறது.

தோன்றியவுடன் சிக்கலும் வந்தது. ஆண் பெண்ணுடையையும் பெண் ஆணுடையையும் உடுத்தக்கூடாது என்று உபாகமம் 22ஆம் அதிகாரம் தடை செய்கிறது. பூரீம் கூத்தில் இரண்டும் நடந்தன. பாதுவா நகரின் ரபி யூதா மின்ஸ், நூறு வயதைத் தொட்டு 1508 வாக்கில் இறந்தவர், இது குறித்துத் தீர்ப்பு எழுதினார். உள்நோக்கம் பண்டிகையின் மகிழ்ச்சி மட்டும் என்றால் தவறில்லை. தனக்கு முன்னிருந்த பெரியவர்களும் தங்கள் மக்களைத் தடுக்கவில்லை என்பது அவர் வாதம். அடுத்த தலைமுறைகளில் போலந்தின் மோசே இஸர்லஸ் அதைச் சட்டநூலில் ஏற்றுக்கொண்டார். எதிர்த்தவர்களும் நிறைய. இத்திஷ் மொழியில் பூரீம் நாடகங்கள் வளர்ந்தபோது எஸ்தராக நடித்தவர்கள் ஆண்களே. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களில் வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் வந்த பையன்களைக் கேள்விப்பட்டிருக்கும் நமக்கு இது ஆச்சரியம் தராது. கதாநாயகி வேண்டும், ஆனால் பெண் மேடையேறக் கூடாது. இந்த நிர்ப்பந்தம் விஸ்துலா நதிக்கரையிலும் தாமிரபரணிக் கரையிலும் ஒன்றுபோலத்தான் தீர்க்கப்பட்டது.

பெண்ணே எஸ்தராக வந்தபோது வேறு பிரச்னை. டெல் அவிவில் 1926 முதல் 1929 வரை பரூக் அகதாதி என்ற நடனக்காரர் பூரீமுக்கு முன் எஸ்தர் ராணியைத் தேர்ந்தெடுக்கும் போட்டி நடத்தினார். 1928இல் தேர்வானவள் ஏமனிலிருந்து வந்த சமூகத்துப் பெண். ஐரோப்பிய யூதர்கள் கட்டிக்கொண்டிருந்த நகரத்தில் மாநிறமான எஸ்தர். மதவாதிகளின் எதிர்ப்பில் போட்டியே நின்றுபோயிற்று. அழகிப் போட்டி என்பதால் எதிர்த்தார்கள். அது நியாயமாகவே இருக்கலாம். வஸ்தியைத் துரத்தியதே அப்படிப்பட்ட ஒரு போட்டி மனோபாவம்தானே.

நம் பக்கத்திலும் ஓர் எஸ்தர் இருந்தாள். எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம். கல்கத்தாவின் பாக்தாதி யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பம்பாய் சினிமாவில் பிரமிளா என்ற பெயரில் நடித்தார். சண்டைப் படங்களிலும் நடித்தார். 1947இல் முதல் 'மிஸ் இந்தியா' அவர்தான். அத்சாள் எஸ்தர் ஆனாள். எஸ்தர் பிரமிளா ஆனாள். ரூபி மையர்ஸ் சுலோசனா ஆனதும், ஃப்ளோரன்ஸ் எசக்கியேல் நாதிரா ஆனதும் இதே வழியில்தான். நல்ல குடும்பத்துப் பெண்கள் நடிக்க வராத காலத்தில் இந்திய ராணிகளாகவும் காதலிகளாகவும் திரையில் தோன்றியவர்களில் பலர், தங்கள் ஜனம் எது என்று பெயரில் சொல்லாதவர்கள். தமிழில் இதே காலத்தில், 1937இல், 'மின்னல் கொடி' வந்தது. கே.டி. ருக்மிணி ஆண் உடையில் குதிரையேறிக் கொள்ளையடிக்கும் படம். மாடஸ்டி சிவகாசிக்கு வருவதற்கு 47 வருஷம் முன்பே இங்கே அந்த நாயகிக்கு இடம் இருந்தது. நாம்தான் மறந்துவிட்டோம்.

4

நம் சிறுபத்திரிகைக்காரர்களுக்குக் காமிக்ஸ் என்றால் ஏளனம். நானும் அதில் சேர்த்திதான். ரயில்வே ஸ்டேஷன் கடையில் தொங்கும் சமாச்சாரம், வியாபாரம், குழந்தைகளைக் கெடுப்பது என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவோம். ஆனால் அவற்றை உண்டாக்கியவர்களைப் பற்றிப் படிக்கும்போது பழைய கதை திரும்பவும் எதிரே வந்து நிற்கிறது. 1938இல் ஸூப்பர்மேனைச் சிருஷ்டித்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். பேட்மேனின் பாப் கேன், ராபர்ட் கான் என்று பிறந்தவர். ஜாக் கிர்பி, ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க். ஸ்டான் லீ, ஸ்டான்லி லீபர். நாமெல்லாம் வேதாளனாக அறிந்த முகமூடி வீரனை எழுதிய லீ ஃபால்க்கும் லியான் கிராஸ் என்று பிறந்த யூதர். தங்கள் பெயரை மாற்றிக்கொண்ட இளைஞர்கள், பெயரை மாற்றிக்கொண்டு வாழும் வீரர்களை வரைந்தார்கள். அலுவலகத்தில் அடக்கமாக ஒரு மனிதன். ஆபத்து வரும்போது வேறொருவன். தன் ஜனம் எது என்று சொல்லாதே என்ற மொர்தெகாயின் கட்டளை நியூயார்க்கின் அச்சகங்களில் கேட்டுக்கொண்டிருந்தது என்று சொன்னால் மிகையாகாது. வொண்டர் வுமனை 1941இல் உண்டாக்கிய மார்ஸ்டன் யூதரல்ல, மனோதத்துவக்காரர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வேரில் கட்டுவது விமர்சகர்களின் வியாதி.

மாடஸ்டி பிளெய்ஸ் இவர்களுக்குப் பிந்தியவள், வேறு நாட்டுக்காரி. 1963 மே மாதம் லண்டன் தினசரி ஒன்றில் ஆரம்பித்த படத்தொடர். எழுதியவர் பீட்டர் ஓடானல், வரைந்தவர் ஜிம் ஹோல்டவே. ஓடானல் இந்த நாயகி எங்கிருந்து வந்தாள் என்று பின்னால் சொல்லியிருக்கிறார். 1942இல் அவர் பிரிட்டிஷ் ராணுவத்தில் தந்திப் பிரிவு ஆளாக வடக்குப் பெர்ஷியாவில் முகாமிட்டிருந்தார். குலசையில் லோன் கொல்லப்பட்ட அதே வருஷம். போரில் துரத்தப்பட்ட அகதிகள் அந்த வழியே வந்துகொண்டிருந்தார்கள். பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தன்னந்தனியாக வந்தாள். கழுத்தில் கயிற்றில் ஒரு மரக்கட்டை. அதில் ஓர் ஆணி கட்டியிருந்தது. அதுதான் அவள் ஆயுதம். சிப்பாய்கள் கொடுத்ததைத் தள்ளி நின்று சாப்பிட்டாள். பாத்திரத்தைக் கழுவி வைத்தாள். கொடுத்த டப்பாக்களை வாங்கிக்கொண்டு, ஒருமுறை சிரித்துவிட்டு, நடந்து போய்விட்டாள். அவ்வளவுதான். இருபது வருஷம் கழித்து அவளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தபோது மாடஸ்டி வந்தாள்.

அதனால் கதையில் மாடஸ்டிக்குத் தாய்தகப்பன் கிடையாது. தன் பெயரே ஞாபகமில்லாத, அகதி முகாமிலிருந்து ஓடிய குழந்தை. அவளுக்குப் படிப்புச் சொல்லித்தந்து மாடஸ்டி, அதாவது அடக்கம், என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தவர் லாப் என்ற கிழவர். புடாபெஸ்டிலிருந்து வந்த யூதப் பண்டிதர். அந்தப் பெண்ணை அவர் படிப்பிக்கிறார், அவள் அவருக்குச் சோறு தேடி வந்து காப்பாற்றுகிறாள். அனாதைப் பெண், அவளுக்கு வழிகாட்டும் யூதக் கிழவர், பெர்ஷியாவின் மண்: ஓடானல் எஸ்தர் புத்தகத்தை மனசில் வைத்து எழுதினார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மண்ணில் அந்த மாதிரிப் பெண் இரண்டாயிரம் வருஷத்துக்குப் பிறகும் நடந்துகொண்டிருந்தாள்.

அந்த முகாம்கள் கற்பனையல்ல. போர் முடிந்த பிறகு பவேரியாவில் லாண்ட்ஸ்பெர்க் என்ற ஊரில் உயிர்தப்பிய யூதர்களுக்கு ஒரு முகாம் இருந்தது. 1924இல் ஹிட்லர் சிறையில் உட்கார்ந்து தன் புத்தகத்தை எழுத ஆரம்பித்த ஊர் அது. 1946 மார்ச்சில் அந்த முகாமில் பூரீம் கொண்டாடினார்கள். தெருவில் ஊர்வலம். ஹிட்லர் உருவத்தைத் தூக்கில் போட்டார்கள், கொளுத்தினார்கள். சிலர் ஹிட்லராகவே வேஷம் போட்டு வந்தார்கள். சிலர் போட்டுவந்த வேஷம் வதைமுகாமின் கோடு போட்ட உடை. ஒரு வருஷம் முன்புவரை அவர்கள் அந்த உடையில்தான் சாவை எதிர்பார்த்து நின்றார்கள். அதை வேஷமாக்குவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று நான் பல தடவை யோசித்ததுண்டு. அன்று அந்த உடை, தான் அதைக் கழற்ற முடியும் என்பதன் நிரூபணமாக இருந்தது. அதே வருஷம் அக்டோபர் 16ஆம் தேதி நியூரம்பர்க்கில் தூக்குமேடை ஏறிய நாஜிப் பத்திரிகைக்காரன் ஸ்ட்ரைஷர் 'பூரீம் 1946' என்று கத்திவிட்டுச் செத்தான். கொன்றவர்களுக்கும் கதை தெரிந்திருந்தது.

5

இத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எஸ்தர் நல்லவள், வேஷம் நல்லது, பலவீனர்களுக்கு அது ஆயுதம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் எஸ்தர் புத்தகத்துக்கு ஒன்பதாம் அதிகாரம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்கள் பெரும்பாலும் அதை எட்டிப்பார்ப்பதில்லை. ஆமான் செத்த பிறகு யூதர்கள் தங்கள் பகைவர்களைக் கொல்கிறார்கள். நாடுகளில் கொல்லப்பட்டவர்கள் 75,000 பேர் என்கிறது புத்தகம். சூசானில் ஒரு நாள் கொலை முடிந்ததும் இன்னும் என்ன வேண்டும் என்று ராஜா கேட்கிறான். மறுநாளும் வேண்டும் என்று கேட்டு வாங்குபவள் எஸ்தர். சரித்திரத்தில் நடக்காத கொலைகள்தான். கையாலாகாத ஜனங்களின் கனவு என்று சமாதானம் சொல்லலாம். கனவு கையாலானவர்களிடம் போய்ச் சேரும்போது என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

1994 பிப்ரவரி 25. பூரீம் நாள். ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமையும் கூட. ஹெப்ரானில் யூதர், முஸ்லிம்கள் இருவருக்கும் புனிதமான ஆபிரகாமின் சமாதியில் அதிகாலைத் தொழுகை. பாரூக் கோல்ட்ஸ்டைன் என்ற டாக்டர், ராணுவ உடுப்பில் உள்ளே போய், தலை தாழ்த்தித் தொழுதுகொண்டிருந்தவர்களைப் பின்னாலிருந்து சுட்டான். 29 பேர் செத்தார்கள். உடுப்பு அவனுடையதுதான், ரிசர்வ் ராணுவத்தில் இருந்தவன். ஆனால் அன்று அது வேஷம். அதை அணிந்து தன்னை மொர்தெகாயாகவும், தொழுகையில் இருந்தவர்களை ஆமானாகவும் அவன் கண்டிருக்க வேண்டும். பேட்டையில் பள்ளிவாசலின் பாங்குச் சத்தத்தில் கண் விழித்து வளர்ந்த எனக்கு இதைத் தொலைதூரச் செய்தியாகப் படிக்க முடியவில்லை. நாலு மணி இருட்டில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்துபோகும் அண்டை வீட்டுப் பெரியவர்களின் முதுகுதான் நினைவுக்கு வந்தது.

பாதிக்கப்பட்டவளின் வேஷம் ஆபத்தானது. அதைப் போட்டுக்கொண்டவன் தான் செய்வதெல்லாம் தற்காப்பு என்று நம்பிவிடுகிறான். எந்த ஜனமும் இதற்கு விலக்கல்ல. நம் நாட்டிலும் ராமர் வேஷமும் அனுமார் வேஷமும் ஊர்வலத்தில் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்ற சண்டையில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்பதை இந்தக் கட்டுரையைப் படிப்பவர்கள் அறிவார்கள்.

6

குலசைக்குத் திரும்புகிறேன். அங்கும் கடைசியில் நடப்பது ஒரு கொலைதான். கடற்கரையில் மகிஷாசுரன் முதலில் தன் முகத்தோடு வருகிறான். பிறகு சிங்க முகம், எருமை முகம், கடைசியில் சேவல். வேஷம் போடுவதில் அசுரனும் சளைத்தவன் அல்ல. ஒவ்வொரு தலையாகச் சூலத்துக்கு இரையாகிறது. லட்சக்கணக்கான ஜனம் மணலில் நிற்கிறது. ஆனால் சம்ஹாரம் முடிந்ததும் விழா முடிவதில்லை. அம்மனுக்குச் சாந்தாபிஷேகம் செய்கிறார்கள். கொன்றவளின் உக்கிரத்தைக் குளிர்விக்கிறார்கள். கொன்றது நியாயம், ஆனாலும் கொன்ற கை சுடும், அதை ஆற்றாமல் ஊருக்குள் கொண்டுபோகக் கூடாது. அதன் பிறகே காப்பு அவிழ்கிறது. காளி வேஷக்காரர் கடலில் குளித்து எழுந்து, மறுபடி மூட்டை தூக்கப் போகிறார்.

பிச்சையெடுப்பதன் அர்த்தமும் இங்கேதான் விளங்குகிறது. காளியாக நிற்பவன் கையில் சூலம் இருக்கிறது. இன்னொரு கையில் தட்டு இருக்கிறது. தெய்வத்தின் உக்கிரம் அவனுக்குக் கிடைக்கிற அந்தப் பத்து நாளும் அவன் ஊரின் தயவில் நிற்க வேண்டும். யாருடைய வாசலிலும் நிற்கத்தான் வேண்டும். பேட்டையில் முஸ்லிம் வீட்டு வாசலில் காசு வாங்கிக்கொண்டு காளி போவதை நான் பார்த்திருக்கிறேன். இதே ஊர்களில் மொஹரத்துக்கு நேர்ந்துகொண்டு குழந்தைகளுக்குப் பக்கிரி வேஷம் போடுவதும், ஆண்கள் புலியாக வரி தீட்டி ஆடுவதும் தென்னாட்டில் வழக்கமாக இருந்ததை 1832இல் வெளிவந்த ஜாபர் ஷெரீபின் நூல் விவரிக்கிறது. நேர்ச்சை, வேஷம், யாசகம் என்ற மூன்றும் ஒன்றாகப் போவதை இரண்டு சமூகமும் அறிந்திருந்தன. வேஷம் கட்டுபவனுக்கு அதிகாரம் தரும் அதே கணத்தில் அவனைத் தாழ்த்தியும் வைத்தார்கள்.

இதெல்லாம் இன்றும் அப்படியே இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. சினிமாப் பாட்டும், விலைக்கு அழைத்துவரும் நடனக்காரர்களும், ஜாதிக் கொடிகளும் தசராக் குழுக்களில் புகுந்து, கோர்ட்டு தலையிட்டுத் தடை போடும் அளவுக்கு ஆயிற்று. வேஷப் பொருள்கள் பெரிய வியாபாரம். பூரீமிலும் அதே கதைதான். ஆனால் கலைக்கும் முறை ஒன்று இன்னும் மிஞ்சியிருக்கிறது. அதுதான் முக்கியம். பூரீமிலும் அது இல்லாமல் இல்லை. ஆமானுக்கும் மொர்தெகாய்க்கும் வித்தியாசம் தெரியாமல் போகும்வரை குடி என்ற அந்தப் பழைய போதகரின் வார்த்தையை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். நாள் முடிவதற்குள் உன் நாயகனையும் உன் பகைவனையும் மறந்துவிடு; இல்லாவிட்டால் மறுநாள் காலையில் வேஷத்தோடு விழித்துக்கொள்வாய். ஹெப்ரானில் நடந்தது அதுதான்.

காமிக்ஸ் நாயகிக்கு இந்த வசதி கிடையாது. மாதாமாதம் அவள் திரும்ப வந்தாக வேண்டும். ஆனாலும் ஓடானல் ஒன்று செய்தார். 1996இல் எழுதிய கடைசிக் கதையில் மாடஸ்டியைச் சாக விட்டார். படத்தொடர் 2001இல் நின்றது. தான் கட்டிய வேஷத்தைத் தானே கலைத்தார். வாசகர்கள் பலர் அந்தக் கதையைப் படிக்க மறுத்தார்கள் என்பது வேறு விஷயம்.

பெரியப்பா சொன்னது சரியென்று நான் ஆரம்பத்தில் எழுதியது இதனால்தான். குலசையில் வேஷம் முகத்தை மறைப்பதற்கல்ல. தட்டில் காசு போடுகிறவனுக்கு எதிரே நிற்பது யார் என்று தெரிய வேண்டும். காளியும் தெரிய வேண்டும், காளிக்குள் இருக்கும் மூட்டைக்காரரும் தெரிய வேண்டும். ஆனால் அந்தப் பெண் கேட்டதும் சரிதான். யாருக்கும் தெரியாத ஒருத்தியாக, பெயரில்லாமல், ஆணி கட்டிய கட்டையோடு தனியாக நடந்துபோக அவள் விரும்பினாள். அதற்கு நம் பண்டிகைகளில் இடமில்லை. எஸ்தர்களுக்கும் வஸ்திகளுக்கும் ஊர் பெயர் வைத்த பிறகுதான் இடம் தருகிறது.

அந்த வருஷம் அவளுக்குப் போலீஸ் வேஷம்தான் கட்டினார்கள். தொப்பி யாருடையதோ, பெரிதாக இருந்து கண்ணை மறைத்தது. எங்கள் வீட்டு வாசலிலும் வந்து தட்டை நீட்டினாள். அம்மா காசு போட்டாள். குலசையிலிருந்து திரும்பிக் காப்புக் கழற்றிய அன்று தொப்பியைத் திருப்பிக் கொடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். தலைக்குச் சரியாக நிற்பதற்காக உள்ளே காகிதம் மடித்து வைத்திருந்தது. எடுத்துப் பிரித்தேன். வியர்வையில் நைந்துபோன லயன் காமிக்ஸ் அட்டை.